பழைய படகுக்குக் கையைக் கடிக்காத இன்சூரன்ஸ்: எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் கேட்பது

பழைய படகு வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் நாலைந்து நிறுவனங்களுக்குப் போன் போட்டு, "பிரீமியம் எவ்வளவு ஆகும்?" என்று கேட்பதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். என்னுடையது 33 வயதான ஃபைபர்கிளாஸ் பாய்மரப் படகு, டீசல் எஞ்சின். மூன்று இடங்களுக்கு அவசரமாக விண்ணப்பம் அனுப்பினேன், மூன்றும் திரும்பி வந்தன. நாலாவது விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது: "இதற்கு முன் எந்த நிறுவனமாவது உங்களுக்குக் காப்பீடு மறுத்ததுண்டா?" அதில் 'ஆம்' என்று எழுதும்போதுதான் வரிசை தப்பிப்போனது உறைத்தது.

பிறகு நண்பர்கள் சிலருக்கு இதே வேலையைச் செய்து கொடுத்தேன். ஏறக்குறைய எல்லோரும் அதே இடத்தில்தான் இடறினார்கள். விலை கேட்பது இந்த வேலையின் பின்பாதியில் வர வேண்டியது. அதற்கு முன் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டால் விலை தானாக இறங்கும். செய்யாவிட்டால் எவ்வளவு பேரம் பேசினாலும் இறங்காது.

கையில் இரண்டு மாதமாவது இருக்கும்போது தொடங்குங்கள். படகைச் சோதித்து அறிக்கை எழுதும் சர்வேயரின் தேதியும் படகைக் கரையேற்றும் கிரேனின் தேதியும் ஒத்துவருவதற்கே பாதி நாள் போய்விடும். பாலிசி முடிய ஒரு வாரம் இருக்கும்போது ஓடுகிறவர் கிடைத்த விலையைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

1. எந்தக் காப்பு வேண்டும் என்பதை முடிவு செய்யுங்கள்

இரண்டு வகை உண்டு. ஒன்று தேர்ட் பார்ட்டி: உங்கள் படகால் அடுத்தவருக்கு நேரும் சேதத்துக்கு மட்டும். இன்னொன்று முழுக் காப்பு: உங்கள் படகுக்கு நேரும் சேதமும் சேர்ந்தது. தேர்ட் பார்ட்டிக்குப் பல நிறுவனங்கள் சர்வே அறிக்கை கேட்பதில்லை, பிரீமியமும் குறைவு. அவர்கள் பயப்படுவது உங்கள் படகின் வயதைப் பார்த்து அல்லவே, நீங்கள் பக்கத்துப் படகில் மோதுவதைப் பார்த்துத்தானே.

உங்களையே ஒன்று கேட்டுப் பாருங்கள். நாளைக் காலையில் படகு மூழ்கிப்போனால் அந்த இழப்பைத் தாங்க முடியுமா? முடியும் என்றால் தேர்ட் பார்ட்டியே போதும். கடன் வாங்கிப் படகு வாங்கியிருந்தால் இந்தக் கேள்விக்கே இடமில்லை. கடன் கொடுத்தவர் முழுக் காப்புதான் கேட்பார்.

தேர்ட் பார்ட்டி எடுப்பவர்கள் ஒன்றைத் தவற விடுகிறார்கள். மூழ்கிய படகை அப்படியே விட்டுவிட முடியாது. துறைமுக நிர்வாகம் அகற்றச் சொல்லும். அகற்றாவிட்டால் அவர்களே அகற்றி பில்லை உங்களுக்கு அனுப்புவார்கள். பழைய படகைத் தூக்கி உடைத்து அப்புறப்படுத்தும் செலவு படகின் விலையைத் தாண்டிப் போவது சாதாரணம். ஆகவே சிதைவை அகற்றும் செலவும் டீசல் கசிவுக்கான பொறுப்பும் சேர்ந்திருக்கிற தேர்ட் பார்ட்டிதான் குறைந்தபட்சத் தேவை. இவை இல்லாத மலிவான பாலிசி மலிவானதே அல்ல.

மரினாவில், அதாவது கட்டணம் வாங்கிப் படகு நிறுத்தவிடும் துறையில், படகு நிற்கிறது என்றால் அவர்களுடைய ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். எவ்வளவு தொகைக்குத் தேர்ட் பார்ட்டி காப்பு இருக்க வேண்டும், பாலிசியில் மரினாவின் பெயரைச் சேர்க்க வேண்டுமா என்பது அதில் இருக்கும். புரோக்கரிடம் பேசும்போது அந்த எண் கையில் இருக்க வேண்டும்.

வீட்டு இன்சூரன்ஸிலேயே படகும் அடங்கும் என்று சிலர் நம்புகிறார்கள். சின்னத் துடுப்புப் படகுக்கும் குறைந்த குதிரைத்திறன் எஞ்சினுக்கும் சில பாலிசிகளில் அது சரி. அதற்கு மேல் போனால் நீளத்துக்கும் எஞ்சின் திறனுக்கும் வரம்பு வந்து நிற்கும்.

2. கோப்பு ஒன்றைத் தயார் செய்யுங்கள்

அண்டர்ரைட்டர், அதாவது காப்பு தரலாமா, என்ன விலைக்கு என்று நிறுவனத்தில் முடிவு செய்பவர், உங்கள் படகைப் பார்க்கப் போவதில்லை. அவர் மேசைக்கு வருவது காகிதம்தான். காகிதம் மெலிந்திருந்தால் படகும் மோசமாகத்தான் இருக்கும் என்று நினைப்பார். சந்தேகத்துக்கெல்லாம் பிரீமியத்தில் ஒரு விலை உண்டு.

படகைக் கட்டிய நிறுவனம், மாடல், ஆண்டு, நீளம், உடல் எதனால் ஆனது, எஞ்சின் வரிசை எண், ஓடிய மணிக்கணக்கு, பதிவு எண் எல்லாம் ஒரே தாளில் இருக்கட்டும். படகின் அடையாள எண் பொதுவாக அமரத்தின், அதாவது பின்புறப் பலகையின், வலது மேல் மூலையில் பொறித்திருக்கும். அமெரிக்கப் படகுகளில் 12 எழுத்துகள்; நாட்டுக் குறியீடும் சேர்ந்த சர்வதேச வடிவில் 14. அமெரிக்காவில் இந்த எண் கட்டாயமானது 1972-ல்தான். அதற்கு முன் கட்டிய படகில் எண் இல்லையென்றால் 'இல்லை' என்றே எழுதுங்கள். எஞ்சின் எண்ணையோ பாயில் தைத்திருக்கும் எண்ணையோ அந்தக் கட்டத்தில் நிரப்பிவிட்டுப் பின்னால் விளக்கம் சொல்லித் திண்டாடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது ரசீதுகள். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளைப் போன உரிமையாளர் மாற்றினார் என்று வாயால் சொன்னால் மாற்றவில்லை என்றே கணக்கு. ரசீது தொலைந்துவிட்டதா? வேலை செய்த பட்டறையிடம் பழைய பில்லின் நகலைக் கேளுங்கள். பல பட்டறைகள் எடுத்துக் கொடுத்துவிடும்.

பிறகு உங்களைப் பற்றி ஒரு பக்கம். எத்தனை ஆண்டு அனுபவம், இதுவரை ஓட்டிய படகுகளின் நீளம், எந்த நீர்ப்பரப்பு, படித்த பயிற்சிகள், இதுவரை கேட்ட கிளெய்ம்கள். படகின் வயதைப் போலவே ஓட்டுபவரின் பழக்கமும் விலையில் ஏறும். 5 மீட்டர் படகிலிருந்து நேரே 12 மீட்டர் படகுக்குத் தாவுகிறவரைப் பார்த்தால் எந்த அண்டர்ரைட்டருக்கும் கை நடுங்கும். அப்படித் தாவினால், முதல் சில பயணங்களில் அனுபவமுள்ள ஒருவர் உடன் வருவார் என்பதையும் அந்தப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

3. சர்வேயர் வருவதற்கு முன் நீங்களே ஒரு சுற்று பாருங்கள்

இந்தக் கட்டுரையிலேயே அதிகம் காசு மிச்சம் பிடிக்கும் பகுதி இதுதான், எல்லோரும் தாண்டிப் போவதும் இதைத்தான். நீங்கள் கண்டுபிடித்து மாற்றும் கோளாறு அறிக்கையில் ஏறாது. சர்வேயர் கண்டுபிடிப்பது நிரந்தரமாக ஏறிவிடும்.

டார்ச், சின்னக் கண்ணாடி, ஸ்குரூடிரைவர், நோட்டு. இவ்வளவு போதும்.

ஃபைபர்கிளாஸ் படகின் உடல் வயதால் மூழ்குவது அபூர்வம். வயதாகிச் சாகிறவை ஹோஸ், கிளாம்ப், வால்வு, வயர், கம்பி. ஆகவே நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிற ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் தொடங்குங்கள். ஹோஸைப் பிடித்திருக்கும் கிளாம்பை மேலிருந்து பார்த்தால் பளபளவென்று இருக்கும். ஒரு டிஷ்யூ தாளைச் சுருட்டி அதன் அடிப்பக்கம், திருகு உட்காரும் இடத்துக்குப் பின்னால், விட்டுத் துடைத்துப் பாருங்கள். தாள் செந்நிறமாக வந்தால் பட்டை உள்ளே அரித்திருக்கிறது. என் படகில் இப்படிப் பார்த்த 14 கிளாம்புகளில் 5 கையோடு வந்தன. இடம் இருக்கும் முனைகளில் இரண்டு கிளாம்ப் போடுவது வழக்கம். சர்வேயர் அதை எண்ணுவார்.

வால்வுகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடிப் பாருங்கள். இறுகியிருந்தால், படகு தண்ணீரில் நிற்கும்போது சுத்தியலை எடுக்காதீர்கள். உடைந்தால் அங்கேயே கதை முடிந்தது. கரையேற்றிய பிறகு பார்த்துக்கொள்ளலாம். பித்தளை வால்வின் மேல் லேசாகச் சுரண்டினால் மஞ்சளாக இருக்க வேண்டும். இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் துத்தநாகம் கரைந்து வெறும் செம்பு நுரைதான் மிச்சம். அந்த வால்வு ஒரு உதைக்குத் தாங்காது.

மின்சாரப் பக்கம் வாருங்கள். பேட்டரிகள் அசையாமல் கட்டியிருக்கின்றனவா, முனைகளுக்கு மூடி இருக்கிறதா, பேட்டரியிலிருந்து கிளம்பும் வயருக்கு ஃபியூஸ் இருக்கிறதா? அமெரிக்கப் படகுத் தரநிலை ஏ.பி.ஒய்.சி.யின்படி அந்த ஃபியூஸ் பேட்டரியிலிருந்து 7 அங்குலத்துக்குள், ஏறக்குறைய 18 சென்டிமீட்டருக்குள், இருக்க வேண்டும். வயர் உறைக்குள் போனால் தூரத்தில் சலுகை உண்டு. ஃபியூஸுக்கு முந்தின வயரில் உரசல் ஏற்பட்டுத் தீப்பிடித்தால் நிறுத்த எதுவும் இல்லை என்பதுதான் காரணம். கரையிலிருந்து மின்சாரம் எடுக்கும் பிளக்கின் துளைகளைச் சுற்றிப் பழுப்புக் கறை இருந்தால் அது சூடேறிக் கருகியிருக்கிறது. மாற்றிவிடுங்கள், யோசிக்க வேண்டாம். வீட்டு வயரிங்குக்கான ஒற்றைக் கம்பி வயரைப் படகில் பார்த்தாலும் அப்படியே.

பெட்ரோல் எஞ்சின் படகா? முன்னவர் காசு மிச்சம் பிடிக்கக் கார் ஆல்டர்னேட்டரோ ஸ்டார்ட்டரோ போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். படகுக்கானவை வெளியே பொறி பறக்காதபடி மூடியவை, காருக்கானவை அப்படியல்ல. மூடிய எஞ்சின் அறையில் பெட்ரோல் ஆவியும் ஒரு பொறியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

தேதி போட்ட பொருள்கள் தனிப் பட்டியல்: தீயணைப்பான், அபாய வெளிச்சக் குச்சிகள், கேஸ் ஹோஸ். செயில்டிரைவ், அதாவது எஞ்சினிலிருந்து படகின் அடிவழியாக நேரே கீழிறங்கிப் புரொப்பெல்லரைச் சுழற்றும் அமைப்பு, இருந்தால் அடியில் உள்ள ரப்பர் டயாஃப்ரமும் உண்டு. வால்வோ பென்டா அதை 7 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது. பாய்மரக் கம்பிகளுக்கு 10 முதல் 15 ஆண்டுக்குள் மாற்றிய ரசீதைப் பல நிறுவனங்கள் கேட்கும்.

கடைசியாக, படகைக் காலி செய்யுங்கள். பில்ஜை, அதாவது தண்ணீர் தேங்கும் அடித்தட்டை, துடைத்துக் காய வையுங்கள். மூட்டை முடிச்சுகளுக்குப் பின்னால் இருப்பதைச் சர்வேயர் தூக்கிப் பார்க்க மாட்டார். 'பார்க்க இயலவில்லை' என்று எழுதுவார். அந்த இரண்டு சொல்லை அண்டர்ரைட்டர் 'கோளாறு' என்றே படிப்பார்.

4. சர்வே

சர்வேயரை அமர்த்துவதற்கு முன், உங்களுக்குப் பிடித்த இரண்டு மூன்று நிறுவனங்களிடம் விண்ணப்பம் போடாமல் மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள். எந்தத் தகுதியுள்ள சர்வேயரின் அறிக்கையை ஏற்பீர்கள்? எத்தனை மாதம் பழைய அறிக்கை செல்லும்? கரையேற்றிப் பார்த்திருக்க வேண்டுமா? இது விசாரணைதான், விண்ணப்பம் அல்ல. மறுப்பாக எங்கும் பதிவாகாது. இதைக் கேட்காமல் சர்வே செய்துவிட்டு, "தண்ணீரில் வைத்துப் பார்த்தது செல்லாது" என்று கேட்டு இரண்டாம் முறை பணம் கட்டிய ஒருவரை எனக்குத் தெரியும்.

அமெரிக்காவில் சாம்ஸ், நாம்ஸ், பிரிட்டனில் ஒய்.டி.எஸ்.ஏ., ஐ.ஐ.எம்.எஸ். போன்ற சர்வேயர் அமைப்புகளின் உறுப்பினர்களை நிறுவனங்கள் கேட்கும். விற்றவர் சிபாரிசு செய்யும் சர்வேயர் வேண்டாம்.

வேண்டிய சர்வேயின் பெயரைச் சரியாகச் சொல்லுங்கள். வாங்குவதற்கு முன் செய்யும் சர்வே விரிவானது, செலவு அதிகம். இன்சூரன்ஸுக்கு வேண்டியது நிலையும் மதிப்பும் சொல்லும் சர்வே. அண்மையில் வாங்கிய படகென்றால் வாங்கும்போது செய்த அறிக்கையே போதுமா என்று கேளுங்கள். அதில் சந்தை மதிப்பு எழுதியிருந்தால் பெரும்பாலும் போதும்.

கரையேற்றும் செலவை வேறு வேலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். அடிப்பகுதிக்குப் பெயின்ட் அடிக்கும் வாரத்தில் சர்வேயரை வரச் சொன்னால் ஒரே கிரேன் செலவு. வெளியே எடுத்த உடனே ஈரமானியை வைத்தால் எண் எகிறும், அதனால் ஒன்றிரண்டு நாள் காயவிட முடிந்தால் நல்லது. இரும்புப் படகுக்கு அல்ட்ராசவுண்டால் தகட்டின் தடிமனை அளப்பார்கள். மரப்படகில் சில ஆணிகளைக் கழற்றிப் பார்க்க நேரலாம். அதற்கு உங்கள் சம்மதத்தை முன்கூட்டியே கேட்பார்கள், மறுக்காதீர்கள்.

அடிப்பகுதியில் கொப்புளங்கள் தெரிந்தால் பதற வேண்டாம். புதிதாகப் படகு வாங்கியவர்கள் இந்த ஒன்றுக்காகத்தான் தூக்கம் கெடுகிறார்கள். நான் பார்த்த அறிக்கைகளில் நிறுவனங்கள் கெடுபிடி செய்தது ஹோஸ், கேஸ், வயரிங் பற்றித்தான். கொப்புளம் வெகு அரிதாகத்தான் படகை மூழ்கடிக்கும்.

இறுதி அறிக்கைக்கு முன் வரைவைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு விஷயங்களுக்காக. எஞ்சின் ஆண்டு, பேட்டரி எண்ணிக்கை போன்ற தகவல் பிழைகளைத் திருத்தலாம். அதைவிட முக்கியம், பரிந்துரைகளைத் தரம் பிரித்து எழுதச் சொல்லுங்கள்: பாதுகாப்புக்காக உடனே செய்ய வேண்டியவை, இந்தப் பருவத்துக்குள் செய்ய வேண்டியவை, செய்தால் நல்லது. பிரிக்காமல் 22 வரிகளை ஒரே வரிசையில் போட்டால் அண்டர்ரைட்டர் 22-ஐயும் உடனடி ஆபத்தாகவே எடுத்துக்கொள்வார். கண்டதை மறைக்கச் சொல்லி மட்டும் சர்வேயரிடம் வாயைத் திறக்காதீர்கள். நல்ல சர்வேயர் என்றால் அதோடு மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விடுவார்.

5. பழுது பார்த்து, பதில் கடிதம் எழுதுங்கள்

அறிக்கையை மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருப்பது மிகப் பொதுவான தவறு. அறிக்கை படகின் நோய்ப் பட்டியல். சிகிச்சை நடந்தது என்று சொல்லும் தாள் கூடவே போக வேண்டும்.

சர்வேயர் போட்ட அதே வரிசை எண்களை அப்படியே எடுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதுங்கள். இப்படி (அ, ஆ, இ என்பவை மேலே சொன்ன மூன்று தரங்கள்):

"அ-3. கழிவறை உள்வரும் ஹோஸில் வெடிப்பு. புதிய ஹோஸ், இரட்டை கிளாம்ப். நானே மாற்றினேன். ரசீது 4, படம் 11, 12."

"ஆ-2. பாய்மரக் கம்பிகளின் வயது தெரியவில்லை. பட்டறையில் ஆய்வு செய்தாகிவிட்டது, முன்புறக் கம்பி மாற்றப்பட்டது. கடிதம் 7."

"இ-5. தளத்தின் பெயின்ட். அடுத்த கரையேற்றத்தின்போது."

முதல் தரத்தில் எதுவும் பாக்கி இருக்கக் கூடாது. முடியாதது இருந்தால் தேதியோடு எழுதுங்கள், அந்தத் தேதியை உங்கள் காலண்டரிலும் குறித்துவிடுங்கள். 'செய்கிறேன்' என்று கையெழுத்திட்ட வேலையைச் செய்யாமல் விட்டு, பின்னால் அதே இடத்திலிருந்து விபத்து வந்தால் அந்தக் கடிதமே உங்களுக்கு எதிரான சாட்சி.

6. எந்த மதிப்புக்கு இன்சூர் செய்வது

ஒப்புக்கொண்ட மதிப்பு, சந்தை மதிப்பு என்று இரண்டு முறை உண்டு. படகை 100-க்கு இன்சூர் செய்கிறீர்கள் என்று வையுங்கள். முதல் முறையில் படகு முழுதாகப் போனால் 100 வரும். இரண்டாம் முறையில் அந்த நாளில் அந்த வயதுப் படகு என்ன விலை போகுமோ அது வரும். 100-க்குப் பிரீமியம் கட்டியிருந்தாலும் கைக்கு 60 வரலாம். பழைய படகைப் புதுப்பிக்கக் கொட்டிய பணத்தைச் சந்தை மதிப்பதில்லை. நன்றாகப் பராமரித்த பழைய படகுக்கு, பிரீமியம் சற்றுக் கூடினாலும் ஒப்புக்கொண்ட மதிப்பையே நான் எடுப்பேன்.

பிரீமியத்தைக் குறைக்க மதிப்பைத் தாழ்த்தும் தந்திரம் ஒன்று உலவுகிறது. அதில் ஒரு கண்ணி இருக்கிறது. 60 மதிப்புள்ள படகை 30-க்கு இன்சூர் செய்கிறீர்கள். பாய்மரம் முறிகிறது, பழுதுக்கு 35 ஆகும் என்கிறார்கள். நிறுவனம் 30-ஐக் கொடுத்து முழு இழப்பு என்று கணக்கை முடித்து, படகைத் தன்னுடையதாக்கிக்கொள்ளலாம். பழுது பார்த்து இன்னும் பத்து வருஷம் ஓட்டியிருக்க வேண்டிய படகு கைவிட்டுப் போகும்.

பகுதிச் சேதத்தில் இன்னொரு கழிவு உண்டு. ஒப்புக்கொண்ட மதிப்புப் பாலிசியிலும் பாய், மேற்கூரைத் துணி, பேட்டரி, வெளிப்புற எஞ்சின் போன்றவற்றுக்கு வயதைக் கழித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். எந்தெந்தப் பொருளுக்கு என்று பட்டியல் கேளுங்கள்.

7. இப்போது விலை கேளுங்கள்

பல நிறுவனங்களோடு தொடர்புள்ள, படகு இன்சூரன்ஸிலேயே இருக்கிற ஒரு புரோக்கர். நேரடியாக விற்கும் ஒன்றிரண்டு நிறுவனங்கள். இதற்கு மேல் வேண்டாம். இரண்டு புரோக்கர்கள் ஒரே அண்டர்ரைட்டரிடம் உங்கள் படகைக் கொண்டுபோனால் இரண்டாவது ஆளுக்குக் கதவு திறக்காது, உங்கள் பெயரும் கெடும். "எந்தெந்த நிறுவனங்களிடம் போகப் போகிறீர்கள்?" என்று முதலிலேயே புரோக்கரிடம் பட்டியல் வாங்கிக்கொள்ளுங்கள். கார் இன்சூரன்ஸ் போட்டுக் கொடுப்பவரிடமே படகையும் கொடுப்பது வசதிதான். ஆனால் பழைய படகு அவருடைய கம்ப்யூட்டரில் வயது வரம்பைத் தாண்டிய உடனே கதை முடிந்துவிடும்.

விண்ணப்பத்தில் உண்மையை முழுதாக எழுதுங்கள். படகிலேயே தங்குகிறீர்களா, வாடகைக்கு விடுகிறீர்களா, பந்தயத்துக்குப் போகிறீர்களா, தனியாக இரவில் ஓட்டுகிறீர்களா எல்லாம். பிரிட்டனின் 1906-ம் ஆண்டுக் கடல்சார் காப்பீட்டுச் சட்டம், கேட்காவிட்டாலும் முக்கியமானதைச் சொல்ல வேண்டிய கடமையை இன்சூர் செய்பவர் மேல் வைத்தது. பிரிட்டன் பின்னால் அதைத் தளர்த்திவிட்டாலும் அதைப் பார்த்து எழுதிய சட்டங்கள் வேறு நாடுகளில் இன்றும் நடப்பில் உள்ளன. சொல்லாமல் விட்டதால் மிச்சமாகும் பிரீமியம் கிளெய்ம் நாளில் வட்டியோடு போகும்.

8. பிரீமியத்தைக் குறைக்கும் வழிகள், நான் முயலும் வரிசையில்

முதலில் ஓட்டும் எல்லை. உண்மையில் எவ்வளவு தூரம் போகிறீர்களோ அதற்கு மட்டும் கேளுங்கள். ஒருநாள் பெருங்கடலைக் கடப்போம் என்ற கனவுக்கு இந்த ஆண்டே பிரீமியம் கட்ட வேண்டாம். போகும்போது தற்காலிகமாக எல்லையை விரிக்கலாம், புறப்படுவதற்கு முன் எழுத்தில் வாங்கிக்கொண்டு.

அடுத்து ஓய்வு மாதங்கள். படகு ஓடாத மாதங்களைச் சொன்னால் தள்ளுபடி உண்டு. அந்த மாதங்களில் படகு கரையில் இருக்க வேண்டுமா, தண்ணீரிலேயே கட்டி வைத்தால் போதுமா என்பதைத் தெளிவாகக் கேளுங்கள். நல்ல வெயில் அடிக்கிறதே என்று அந்த மாதத்தில் ஒரு சுற்று போய்வந்தால் அன்றைக்குக் காப்பு இல்லை.

மூன்றாவது டிடக்டிபிள், அதாவது ஒவ்வொரு கிளெய்மிலும் முதலில் நம் கையிலிருந்து போகும் தொகை. இதை உயர்த்தினால் பிரீமியம் இறங்கும். சின்னச் சேதத்துக்கு எப்படியும் கிளெய்ம் கேட்கக் கூடாது. கேட்டால் கிளெய்ம் இல்லாச் சலுகை போய்விடும். அதனால் டிடக்டிபிளை உயர்த்துவதில் இழப்பொன்றுமில்லை. புயலுக்குத் தனி டிடக்டிபிள் இருக்கிறதா என்று பாருங்கள், அது பல மடங்கு இருக்கும்.

பயிற்சிச் சான்றிதழ், எஞ்சின் அறையில் தானியங்கித் தீயணைப்பான், பில்ஜில் நீர் ஏறினால் ஒலிக்கும் அலாரம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் குறைக்கும். கேட்டால்தான் தருவார்கள்.

9. பணம் கட்டுவதற்கு முன் பாலிசியின் முழு வாசகத்தை வாங்கிப் படியுங்கள்

ஒரு பக்கச் சுருக்கம் போதாது. பழைய படகுக்காரர் பார்க்க வேண்டிய இடங்கள் சில.

தேய்மானத்துக்கும் அரிப்புக்கும் எந்தப் பாலிசியும் பணம் தராது. அது நியாயம். ஆனால் தேய்ந்த ஹோஸ் பிய்ந்து படகு மூழ்கினால்? ஹோஸுக்குத் தராவிட்டாலும் மூழ்கியதற்குத் தருவார்களா? அதனால் விளையும் சேதத்தையும் ஏற்பதாக எழுத்தில் இருக்க வேண்டும். பழைய படகுக்கு இந்த ஒரு வரி இல்லையென்றால் முழுக் காப்பு என்ற பெயர்தான் மிச்சம்.

கடலில் மீட்பவருக்குக் கொடுக்க வேண்டிய தொகை படகின் மதிப்பிலிருந்து கழிகிறதா, தனியாக வருகிறதா? எஞ்சின் நின்றுபோன படகைக் கயிறு கட்டி இழுத்து வருவது வேறு, ஆபத்திலிருந்து மீட்பது வேறு. மீட்புக்கான கூலி காப்பாற்றிய சொத்தின் மதிப்பைப் பார்த்துத் தீர்மானிக்கப்படும். அவர்கள் வீசும் கயிற்றைப் பிடிப்பதற்கு முன், "இழுவையா, மீட்பா? எவ்வளவு?" என்று கேட்டு முடிவு செய்துகொள்வது நல்லது.

பிறகு வாரன்டி நிபந்தனைகள், அதாவது மீறினால் கிளெய்மே மறுக்கப்படக்கூடிய, நீங்கள் கொடுக்கும் உறுதிமொழிகள். 2019-ல் ஃப்ளோரிடாவில் ஒரு உல்லாசப் படகு தரைதட்டியது. தீயணைப்புச் சாதனங்களை உரிய காலத்தில் பரிசோதித்துச் சான்று பெறவில்லை என்று சொல்லி நிறுவனம் கிளெய்மை மறுத்தது. தீ எதுவும் பிடிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 2024-ல் தீர்ப்பு வந்தது. பாலிசியில் எந்த மாநிலச் சட்டம் செல்லும் என்று எழுதியிருக்கிறதோ அது பொதுவாகச் செல்லும் என்றது நீதிமன்றம். அதாவது, யாரும் படிக்காத அந்தக் கடைசிப் பக்கத்து 'எந்தச் சட்டம்' என்ற வரியும் உங்கள் பணத்தைத் தீர்மானிக்கலாம். வாரன்டி என்ற சொல் வரும் இடங்களையெல்லாம் மார்க்கர் போட்டு, தேதிகளைத் தனித்தாளில் எழுதிப் படகிலேயே ஒட்டுங்கள்.

10. மறுத்துவிட்டால்

காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 'வயது வரம்பு' என்றால் அந்த நிறுவனத்தை விட்டுவிடுங்கள். சர்வேயில் ஒரு வரிதான் இடிக்கிறதென்றால், அதைச் சரிசெய்தால் மறுபடி பார்ப்பீர்களா என்று கேளுங்கள்; பல சமயம் பார்ப்பார்கள். அதுவரை தேர்ட் பார்ட்டியாவது எடுத்து வையுங்கள். இன்சூரன்ஸே இல்லாத இடைவெளி அடுத்த விண்ணப்பத்தில் இன்னொரு சங்கடமான கேள்வி.

மரப்படகு, சிமென்ட் படகு, சொந்தமாகக் கட்டிய படகு என்றால் பொது நிறுவனங்களிடம் நேரத்தை வீணாக்காமல், அந்த வகைப் படகு வைத்திருப்போரின் சங்கங்களில் யார் யாரிடம் எடுத்திருக்கிறார்கள் என்று விசாரியுங்கள்.

11. அடுத்த ஆண்டுக்காக

பாலிசி முடிய 60 நாள் இருக்கும்போது நினைவூட்டல் வையுங்கள். எஞ்சின் மாற்றினால், படகை வேறு இடத்தில் நிறுத்தினால், வேறொருவர் ஓட்டத் தொடங்கினால் அப்போதே ஒரு மின்னஞ்சல். புதுப்பிக்கும்போது புது ரசீதுகளைக் கோப்பில் சேர்த்து, பழைய பதில் கடிதத்தில் பாக்கி இருந்த வரிகளுக்கு நேரே தேதி போட்டு அனுப்புங்கள். என் படகுக்கு இரண்டாம் ஆண்டு பிரீமியம் குறைந்தது அந்த 'இ-5' வரிக்கு நேரே தேதி போட்டு அனுப்பிய பிறகுதான்.